கல்லா காலியாகும் முன்: நிலைமை தெரியாத நாட்களில் கடையையும் ஆட்களையும் நடத்துவது

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் கடை வைத்திருப்பவர்கள் 2016-ஐ மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று தேவராஜ மார்க்கெட்டின் தன்வந்திரி ரோடு பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தசரா வியாபாரம் முடிந்து மூச்சு விடுவதற்குள், நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. பூவையும் வெற்றிலையையும் குங்குமத்தையும் சில்லறைப் பணத்துக்கு விற்கிற சந்தை அது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் தசரா யானை ஊர்வலம் அரண்மனை வளாகத்தைத் தாண்டவில்லை. மார்க்கெட் வாசலை ஒட்டிய சயாஜி ராவ் ரோட்டில் அந்த நாட்களுக்காகவே சரக்கு நிறைத்து வைக்கும் கடைகளுக்குத் தசரா வியாபாரம்தான் ஒரு வருட வருமானத்தின் பெரும்பங்கு. இத்தனைக்கும் நடுவில், பழைய மார்க்கெட் கட்டடத்தை இடித்துக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்ற வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போயின.

நான்கு பேரிலிருந்து இருபது பேர் வரை வைத்துக் கடையோ சிறு பட்டறையோ நடத்துபவருக்காக இந்த அத்தியாயம். அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று ஊகிக்க இது கற்றுத்தராது. அடி விழுந்த பிறகு எதை முதலில் செய்வது, எதை அடுத்து செய்வது என்பதைத்தான் சொல்லப் போகிறது. வரிசையை மாற்றாதீர்கள்: உயிர், ரொக்கம், ஆட்கள், கடன்காரர்கள், அதன் பிறகே சரக்கு. பெரும்பாலான முதலாளிகள் சரக்கில் தொடங்குகிறார்கள். ஆட்களிடம் பேசுவதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கடை முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

1. முதல் நாள்: யாரும் அடிபடக் கூடாது

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தில் 2012 ஆகஸ்டில் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். இரண்டு கட்டடங்களும் மழைக்காலத்தில் விழுந்தவை. நூறாண்டு தாண்டிய சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் இறங்கினால் அது உங்கள் வியாபார நேரம் பார்த்துக் காத்திருக்காது.

1. கூரையில் புதிதாக விரிசல், பொடி உதிர்தல், கதவு திடீரென்று இறுகுதல், இவற்றில் எது தெரிந்தாலும் ஆட்களை வெளியே அனுப்புங்கள். சரக்கை எடுக்க ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.
2. மெயின் ஸ்விட்சை எளிதாக எட்ட முடிந்தால் மட்டும் அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடாதீர்கள்.
3. பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள். பழைய மார்க்கெட்டுகளில் ஒரே சுவரை இரண்டு கடைகள் தாங்கி நிற்கும்.
4. அதிகாரிகள் உள்ளே போகலாம் என்ற பிறகு, எதையும் நகர்த்தும் முன் செல்போனில் வீடியோ எடுங்கள். காப்பீட்டுக்கு அதுதான் முதல் சான்று.

*குறிப்பு:* வாடகைப் பத்திரம், வியாபார உரிமம், ஜிஎஸ்டி சான்று, காப்பீட்டுத் தாள், கடன் நோட்டின் கடைசிப் பக்கங்கள், இவற்றின் நகல் கடையில் இல்லாத ஓர் இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை கடன் நோட்டைப் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டால் போதும்.

2. இரண்டாம் நாள்: எத்தனை நாள் தாங்கும் என்று எண்ணுங்கள்

ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம். ஆடிட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆறு ஆட்கள் உள்ள உலர்பழம், பூஜை சாமான் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கியிலும் கல்லாவிலுமாக 3,40,000 ரூபாய் இருக்கிறது. அதில் 30,000 அடுத்த மாதம் 20-ஆம் தேதி கட்ட வேண்டிய ஜிஎஸ்டி. அது அரசாங்கத்தின் பணம் என்பதால் கழித்துவிடுங்கள். மீதி 3,10,000. நிச்சயமாக வரும் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லக்கூடிய பாக்கி 40,000. ஆக மொத்தம் 3,50,000.

மாதச் செலவு: ஆறு பேருக்குத் தலா 16,000 வீதம் சம்பளம் 96,000, வாடகை 18,000, வங்கித் தவணை 22,000, கரண்ட், போன், துப்புரவு 7,000, உங்கள் வீட்டுக்கு நீங்கள் எடுப்பது 37,000. கூட்டினால் 1,80,000. ஒரு நாளைக்கு 6,000.

கடை மூடியே கிடந்தால் 3,50,000-ஐ 6,000-ஆல் வகுங்கள். 58 நாள் தாங்கும். திறந்திருந்து, மந்த வியாபாரத்தில் நாளொன்றுக்கு 2,500 ரூபாய் லாபம் வந்தால் தினசரிப் பள்ளம் 3,500. அப்போது 100 நாள்.

இந்த இரண்டு எண்களும் கையில் வந்ததுமே பாதிப் பதற்றம் அடங்கும். 58 நாள் என்று தெரிந்த முதலாளி எடுக்கும் முடிவு வேறு, "ஐயோ எல்லாம் போச்சு" என்று நினைப்பவர் எடுக்கும் முடிவு வேறு.

வழக்கமாக இங்கே நடக்கும் தவறுகள்:

- விற்பனையை லாபமாக எழுதுவது. நாளைக்கு 15,000 ரூபாய்க்கு விற்கிறேன் என்பது உண்மையாக இருக்கலாம். சரக்கு வாங்கிய விலை போக எவ்வளவு நிற்கிறது என்பதுதான் இந்தக் கணக்குக்கு வேண்டும்.
- சரக்கைப் பணமாக எண்ணுவது. முந்திரி மூட்டை விற்றால்தான் பணம்.
- வீட்டுச் செலவை மறைப்பது. பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம், அப்பாவின் மருந்து எல்லாம் கல்லாவிலிருந்துதான் போகின்றன. எழுதுங்கள்.
- வங்கி ஓவர்டிராஃப்ட் வரம்பில் மிச்சம் இருப்பதைக் கைப்பணமாகச் சேர்ப்பது. அது கடன்.

என் அனுபவத்தில் 90 நாளுக்கு மேல் இருந்தால் ஆட்களில் கை வைக்கத் தேவையே இல்லை. கொள்முதலைச் சுருக்கினால் போதும். 45 முதல் 90 வரை என்றால் இனி வரும் எல்லாப் படிகளும் தேவை. 45-க்குக் கீழே போய்விட்டால் அன்றைக்கே கட்டட உரிமையாளரையும் வங்கியையும் பாருங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

3. மூன்றாம் நாள்: ஆட்களை உட்கார வைத்துப் பேசுங்கள்

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். உங்கள் நிலைமை ஆட்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். வாரம் பத்து மூட்டை வந்த இடத்தில் நான்கு மூட்டை வருவதை இறக்கி வைப்பவர்களே அவர்கள்தான். பாக்கி கேட்டு வரும் போனை எடுப்பவர்களும் அவர்கள்தான். நீங்கள் வாய் திறக்காவிட்டால் அவர்களாகவே ஒரு கதை கட்டுவார்கள். அது எப்போதும் உண்மையைவிட மோசமாக இருக்கும். முதலில் போவது நல்ல வேலைக்காரர். அவருக்குத்தான் வேறு கடையில் உடனே இடம் கிடைக்கும்.

செய்யும் முறை:

1. கடை திறக்கும் முன், எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். ஒருவரை மட்டும் தனியாக அழைத்து முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இருபது ஆண்டு உடனிருந்தவராக இருந்தாலும் சரி.
2. டீ வரவழைத்து நீங்களும் உட்காருங்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேச வேண்டாம்.
3. எண்களைச் சொல்லுங்கள். முழுப் பேரேடும் வேண்டாம். மாதம் எவ்வளவு வெளியே போகிறது, எவ்வளவு உள்ளே வருகிறது, எத்தனை நாள் தாங்கும், இந்த மூன்றும் போதும்.
4. எது மாறாது என்பதை முதலில் சொல்லுங்கள்: "இந்த மாசச் சம்பளம் ஏழாம் தேதி வரும்." அது நிச்சயமாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.
5. எது இன்னும் முடிவாகவில்லை, அது எந்தத் தேதியில் முடிவாகும் என்று சொல்லுங்கள்.
6. கேள்வி கேட்க விடுங்கள். அவர்கள் அமைதியாக இருந்தால் நீங்களும் சற்று நேரம் அமைதியாக இருங்கள்.

எப்படியும் ஒரு கேள்வி வரும். அதற்குத் தயாராகப் போங்கள்.

"அண்ணா, எங்கள்ல யாரையாவது நிறுத்தப் போறீங்களா?"

"கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அது பதிலே அல்ல என்பது கேட்டவருக்குத் தெரியும். இப்படிச் சொல்லலாம்: "இந்த மாசம் யாரையும் நிறுத்தலை. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி இதே இடத்துல உக்காந்து கணக்குப் பாப்போம். அப்ப லாபம் ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழ போயிருந்தா சம்பளத்துல கொஞ்சம் பிடிக்க வேண்டி வரும். பிடிச்சா முதல்ல என் வீட்டுக்கு எடுக்கறதுல இருந்துதான் பிடிப்பேன்."

"நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற வாக்கியத்தைத் தவிருங்கள். ஒருவரை நிறுத்த வேண்டி வரும் நாளில் அந்தச் சொல் இருவரையும் புண்படுத்தும். அவர்கள் உங்களிடம் வேலை செய்கிறார்கள். உங்களிடமிருந்து நேர்மையும் தேதி தவறாத சம்பளமும் அவர்களுக்கு வர வேண்டும். அதைச் சரியாகக் கொடுத்தாலே பெரிய காரியம்.

தேவராஜ மொஹல்லா போன்ற இடத்தில் ஒரே கடையில் கன்னடம், உருது, தமிழ் பேசுபவர்கள் சேர்ந்து வேலை செய்வார்கள். நீங்கள் தமிழில் சொன்னதை ஒருவர் பாதி புரிந்துகொண்டு மற்றவருக்குச் சொன்னால் விஷயம் திரிந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான கன்னடத்தில் ஒருமுறை முழுதாகச் சொல்லுங்கள். பிறகு அவரவர் மொழியில் கேள்வி கேட்கட்டும்.

சம்பளத்தைக் குறைக்க வேண்டி வந்தால்

முதலில் உங்கள் பங்கு. மேலே சொன்ன கடையில் முதலாளி 37,000-ஐ 22,000 ஆக்கினால் மாதம் 15,000 மிச்சம். இது கிட்டத்தட்ட ஒரு ஆளின் சம்பளம். அதன் பிறகு அதிகச் சம்பளம் வாங்குபவர். கடைநிலையில் இருப்பவரின் சம்பளத்தைக் கடைசிவரை தொடாதீர்கள்; அவருக்கு அது வாடகையும் அரிசியும். அதோடு, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாருடைய சம்பளமும் போகக் கூடாது. சம்மதம் வாங்கி, எவ்வளவு, எந்த மாதம் வரை என்று இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். "நிலைமை சரியாகும் வரை" என்று எழுதாதீர்கள். தேதி போடுங்கள்.

ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது என்பதுதான் கர்நாடகக் கடைகள் சட்டத்தின் ஏற்பாடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்தாண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு: ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். தொழிலாளர் சட்டங்கள் அண்மையில் மாற்றியமைக்கப்பட்டு வருவதால் கணக்குத் தீர்க்கும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பணத்தை அன்றே கொடுங்கள், தவணையில் வேண்டாம். இன்னொரு கடைக்கு நீங்களே போன் செய்து அவரைப் பற்றிச் சொல்லுங்கள். மீதியிருக்கும் ஆட்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

4. முதல் வாரத்துக்குள்: கடன்காரர்கள்

தவணை தவறுவதற்கு முன்பு போன் செய்யும் ஆளுக்கு வங்கியிலும் மண்டியிலும் தனி மரியாதை உண்டு. தவறிய பிறகு போன் செய்தால் அவர்கள் கேட்பதே வேறு.

கட்டும் வரிசை இது: சம்பளம், ஜிஎஸ்டி, மின்சாரம், தினமும் சரக்கு தரும் சிறு வியாபாரி, வங்கித் தவணை, வாடகை, பெரிய மொத்த வியாபாரி. சிறு வியாபாரியை ஏன் மேலே வைத்தேன் என்றால், காலையில் பூக்கூடை கொண்டுவருபவர் உங்கள் 3,000 ரூபாயை நம்பித்தான் மறுநாள் பூ வாங்குகிறார். பெரிய மண்டி உங்களுக்கு ஒரு மாதம் தவணை தரும். கூடைக்காரரால் முடியாது.

வங்கியில் பேசும்போது:

1. இரண்டாம் நாள் போட்ட கணக்குத் தாளை எடுத்துப் போங்கள்.
2. என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். தவணைக் காலத்தை நீட்டுவதா, மூன்று மாதம் வட்டி மட்டும் கட்டுவதா?
3. நிறுத்தி வைத்தால் மொத்தம் எவ்வளவு கூடும் என்று எழுத்தில் வாங்குங்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை ஒத்திவைக்க அனுமதித்தபோது, அது தள்ளுபடி என்று நினைத்தவர்கள் பலர். அசல் அப்படியே நின்றது, வட்டி ஓடிக்கொண்டிருந்தது.
4. 90 நாள் தாண்டவே விடாதீர்கள். தாண்டினால் உங்கள் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு எந்த வங்கிக் கதவும் எளிதில் திறக்காது.

*எச்சரிக்கை:* தினத்தண்டல் பக்கம் போகாதீர்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் தந்து, நூறு நாள் நூறு ரூபாய் என்று வாங்குவது வழக்கமான கணக்கு. பார்க்க 1,500 ரூபாய்தான். ஆனால் நீங்கள் தினமும் அசலையும் திருப்பிக்கொண்டே இருப்பதால், ஆண்டு வட்டியாகப் போட்டால் ஏறக்குறைய 120 சதவீதம். நடைபாதையில் விற்பவர் என்றால் பிஎம் ஸ்வநிதி கடனைக் கேளுங்கள். 2020 ஜூனில் 10,000 ரூபாயில் தொடங்கிய முதல் தவணை 2025-இல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் அடுத்த தவணை கூடும்.

5. சரக்கு

அழுகும் சரக்கையும் அழுகாத சரக்கையும் தனித்தனியாக யோசியுங்கள். தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையை மாரு என்ற கையளவில் அளந்து விற்கிறார்கள். காலையில் சொன்ன விலை மாலையில் நிற்காது. இருட்டினால் அந்தப் பூவுக்கு விலையே இல்லை. மந்த காலத்தில் பூக்கடைக்காரர் செய்ய வேண்டியது, கொள்முதலைப் பாதியாக்கி இரண்டு முறை வாங்குவது. குங்குமம், ஊதுபத்தி, செம்பு பாத்திரம் மாதக்கணக்கில் இருக்கும். அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட அவசரப்படாதீர்கள். அடுத்த பண்டிகைக்கு அதே சரக்கை அதிக விலையில் நீங்களே வாங்க வேண்டி வரும்.

கடைக்கு மாற்று இடம் ஒன்றை நல்ல நாளிலேயே பார்த்து வையுங்கள். 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு மூடப்பட்டு, காய்கறிச் சந்தை திருமழிசைக்குப் போனது. செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம் திரும்பவும் தொடங்கியது. நான்கு மாதத்துக்கு மேல். வாடிக்கையாளர் போன் எண்கள் ஒரு நோட்டில் இருந்தால் எந்த இடத்திலிருந்தும் விற்கலாம். இன்றே ஐம்பது எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

6. பதற்றத்தில் செய்யக் கூடாத ஒன்று

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரிக்கு 29 லட்சம் ரூபாய்க்கு நோட்டீஸ். உடனே கடைகளில் க்யூஆர் அட்டைகளைக் கழற்றி "ரொக்கம் மட்டும்" என்று ஒட்டினார்கள். அந்த மாதமே முதலமைச்சர் சித்தராமையா பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்று அறிவித்தார்.

அட்டையைக் கழற்றியவர்கள் வாடிக்கையாளரை இழந்தார்கள். வரிப் பொறுப்போ அப்படியே இருந்தது. சரக்கு விற்பவருக்கு ஆண்டு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம் என்பது பதிவு வரம்பு. ரொக்கமாக வாங்கினாலும் அது விற்பனைதான். புதிய காய்கறி, புதிய பூ ஆகியவற்றுக்கு வரி இல்லை; ஆனால் நீங்கள் விற்றது அதுதான் என்று காட்டக் கொள்முதல் சீட்டு வேண்டும். எனவே:

- கடைக்கு ஒரு யுபிஐ எண், வீட்டுக்கு வேறு எண். மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று கடை வரவில் விழக் கூடாது.
- வரியுள்ள சரக்கு, வரியில்லாத சரக்கு இரண்டுக்கும் தனித்தனி நோட்டு.
- நோட்டீஸ் வந்தால் ஒளித்து வைக்காமல், பதில் தர வேண்டிய தேதியைச் சுவரில் எழுதுங்கள்.

7. காப்பீடு

ஐந்து கோடி ரூபாய் வரை சொத்துள்ள சிறு தொழிலுக்கென்று 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாலிசி, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. சரக்கின் உண்மையான மதிப்புக்கு எடுங்கள். 15 சதவீதம் வரை குறைவாகக் காட்டியிருந்தால் விட்டுக்கொடுப்பார்கள். அதற்கு மேல் குறைத்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். குடோன் வேறு இடத்தில் இருந்தால் அந்த முகவரியும் தாளில் இருக்க வேண்டும். பழமையால் தானே இடியும் சுவருக்குப் பொதுவாகப் பணம் வராது. பழைய கட்டடத்தில் இருப்பவர்கள் இதை முகவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. நிலைமை திரும்பும்போது

வியாபாரம் எழத் தொடங்கும் மாதத்தில் முதலாளிக்கு முதலில் தோன்றுவது சரக்கை நிறைப்பது. அதற்கு முன் ஆட்களிடம் பிடித்ததைத் திருப்பிக் கொடுங்கள். பிடித்ததற்கு நேர்மாறான வரிசையில்: குறைந்த சம்பளக்காரருக்கு முதலில், கடைசியில் உங்களுக்கு. ஒரே தடவையில் முடியாவிட்டால் மூன்று மாதத் தவணையாக, தேதி எழுதிக் கொடுங்கள். தசராவுக்கோ தீபாவளிக்கோ தரும் போனஸில் இதைச் சேர்த்துக் காட்டாதீர்கள். கடன் வேறு, போனஸ் வேறு. நடுவில் வேலையை விட்டுப் போனவருக்கும் பிடித்த தொகை பாக்கி இருந்தால், போன் செய்து வரச் சொல்லிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கிப் பழைய தாளோடு சேர்த்து வையுங்கள்.